ஏடும் கைப்பேசியும் மூக்குக் கண்ணாடியும்



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவன அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளும் ஆகும். பல்லாண்டுக் காலம் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அவற்றின் பெருமையைக் குறைத்துக் கூற நான் விரும்பேன். எனினும் நாம் நாள்தோறும் கையாளும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் அரசர்கள் இல்லை. கைவினைஞரும் அறிஞரும் நோயுற்றோரும் முதியோரும் இருக்கிறார்கள். அத்தகைய சிறு பொருள்களுள் ஒன்றாகிய மூக்குக் கண்ணாடியைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

மூக்குக் கண்ணாடியின் வரலாற்றை அறிய வேண்டுமாயின் கண்ணைப் பார்ப்பதோடு கையையும் பார்க்க வேண்டும். மனிதன் கையில் எதை ஏந்திப் படித்தான், அதனைக் கண்ணுக்கு எவ்வளவு தொலைவில் வைத்துக்கொண்டான் என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை மாறியபோதெல்லாம் கண்ணாடி வில்லையின் அமைப்பும் மாறி வந்திருக்கிறது. பனையோலை ஏடு, அச்சிட்ட நூல், கைப்பேசி ஆகிய மூன்றும் மனிதன் கைக்கு அடுத்தடுத்து வந்தவை. இம்மூன்றையும் கண்ட நிலம் நம் தாமிரபரணிக் கரை. ஆதலின் இக்கதையை நம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிகளில் பனைமரங்கள் வானளாவ நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அப்பனையின் ஓலையே பல நூற்றாண்டுகள் நம் முன்னோரின் புத்தகமாக விளங்கியது. ஆழ்வார்திருநகரியிலும் திருநெல்வேலியிலும் இருந்த கவிராயர் இல்லங்களில் ஏட்டுச் சுவடிகள் கட்டுக் கட்டாகக் காக்கப்பட்டன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டு பத்துப்பாட்டைப் பதிப்பிப்பதற்கு முன்னர் இப்பகுதியில் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடினார். ஆழ்வார்திருநகரியில் அவருக்குக் கிடைத்த பத்துப்பாட்டு ஏடு தமிழுலகம் பெற்ற செல்வங்களுள் ஒன்று.

அந்த ஏட்டினை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அகலம் சில விரற்கிடையே இருக்கும். எழுத்தாணியால் கீறிய எழுத்தில் மை இல்லை. விளக்குக் கரியையோ இலைச்சாற்றையோ தடவினால்தான் கீறல் கருத்துத் தோன்றும். புள்ளியும் இடப்படுவதில்லை. இத்துணை நுண்ணிய எழுத்தை எண்ணெய் விளக்கின் ஒளியில் படித்த புலவர் நாற்பது வயதைக் கடந்தபோது அவருக்கு என்ன நேர்ந்திருக்கும்?

அதற்குத் தமிழில் ஓர் அழகிய சொல் உண்டு. 'வெள்ளெழுத்து' என்பது அது. எழுத்து தன் கருமையை இழந்து வெளுத்துத் தோன்றுதலை அச்சொல் அப்படியே படம்பிடித்துக் காட்டுகிறது. 'சாளேசுவரம்' என்ற மற்றொரு சொல்லும் நம் பாட்டன்மார் வாயில் வழங்கியது. மராட்டியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது என்பர். ஒரு சொல் குறியைக் கூறுகிறது. மற்றொரு சொல் வயதைக் கூறுகிறது. நோயைக் கண்ட மக்கள் எவ்வளவு கூர்ந்து கண்டிருக்கிறார்கள், பாருங்கள்!

வெள்ளெழுத்து எதனால் உண்டாகிறது? நம் விழிக்குள் பளிங்கு போன்ற ஒரு வில்லை இருக்கிறது. தொலைவிலுள்ள பொருளைப் பார்க்கும்போது அது தட்டையாக இருக்கும். கையிலுள்ள பொருளைப் பார்க்கும்போது சற்றே உருண்டு திரண்டு கொள்ளும். இவ்வாறு வில்லையே தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்பதை இங்கிலாந்து நாட்டு அறிஞர் தாமஸ் யங் 1801ஆம் ஆண்டு தம் கண்ணையே சோதித்துக் காட்டினார். வயது ஏற ஏற வில்லை இறுகிப்போகிறது. உருளும் ஆற்றல் குறைகிறது. ஆலந்து நாட்டு மருத்துவர் டாண்டர்ஸ் 1864இல் வெளியிட்ட பெருநூலால் இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. அவர் கணக்கின்படி, பத்து வயதுச் சிறுவன் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள எழுத்தைக்கூடத் தெளிவாகக் காண்பான். இருபது வயதில் அத்தொலைவு 10 சென்டிமீட்டர் ஆகிறது. நாற்பது வயதில் 22 சென்டிமீட்டர். அறுபது வயதில் ஒரு மீட்டர்! ஒரு மீட்டர் நீளமுள்ள கை நம்மில் யாருக்கு இருக்கிறது?

கண்ணாடி இல்லாத காலத்தில் இக்குறையை நினைவாற்றலே ஈடுசெய்தது. திண்ணைப் பள்ளியில் மாணவன் ஓத, முதிய ஆசிரியர் கண்ணை மூடிக் கேட்டுப் பிழை திருத்துவார். அவருக்கு நூல் முழுதும் மனப்பாடம். ஆனால் புதிய நூலொன்றைக் கற்கவோ, சிதைந்த ஏட்டைப் படித்துப் படியெடுக்கவோ மனப்பாடம் உதவாது. ஒரு புலவரின் அறிவு முதிர்ந்து கனியும் பருவமும் அவர் கண் எழுத்தைக் கைவிடும் பருவமும் ஒன்றாக அமைந்தது எத்துணைப் பெரிய இழப்பு!

இவ்விழப்பை ஈடுசெய்யும் கருவி இத்தாலி நாட்டில் தோன்றியது. ஒளி செல்லும் முறையைப் பதினோராம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் இபின் அல் ஹைதம் விரிவாக ஆராய்ந்து நூல் எழுதியிருந்தார். அந்நூல் இலத்தீன் மொழிக்குச் சென்று ஐரோப்பிய அறிஞர்களின் சிந்தனையைத் தூண்டியது. 1306ஆம் ஆண்டு பிளாரன்ஸ் நகரில் சொற்பொழிவாற்றிய ஜியோர்தானோ என்னும் துறவி, கண்ணாடி செய்யும் கலை தோன்றி இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்று குறிப்பிட்டார். இதைக்கொண்டு 1286ஆம் ஆண்டை ஒட்டி அது தோன்றியிருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். 1352இல் ட்ரெவிசோ நகரில் தீட்டப்பட்ட சுவரோவியம் ஒன்றில் மூக்கில் கண்ணாடி அணிந்து எழுதும் துறவி ஒருவரை இன்றும் காணலாம். நடுவே தடித்து ஓரத்தில் மெலிந்த குவிவில்லைகள் அவை. விழிவில்லை இழந்த உருட்சியை அவை வெளியிலிருந்து கொடுத்தன.

நம் நாட்டுக்கு இக்கருவி கடல்வழியே வந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் வாழ்ந்த வியாசராயர் என்னும் பெரியார் நூல் படிக்கும்போது கண்ணாடி அணிந்திருந்ததைச் சோமநாத கவி இயற்றிய வடமொழி வரலாற்று நூல் குறிப்பதாக அறிஞர் பி. கே. கோடே எடுத்துக் காட்டினார். அக்காலம் ஏறத்தாழ 1520. பின்னர்த் தமிழகத்திலேயே வில்லை செய்யும் தொழில் வளர்ந்தது. தஞ்சைக்கு அருகிலுள்ள வல்லத்தில் கிடைத்த பளிங்குக் கற்களைத் தேய்த்துக் கண்ணாடி செய்தனர். கல்லாதலின் அது கீறல் விழாது, குளிர்ச்சி தரும் என்று முதியோர் அதனை விரும்பி அணிந்தனர்.

இனி அச்சின் காலத்துக்கு வருவோம். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூல் தமிழ் எழுத்தில் அச்சாகியது. அதனை வெளியிட்ட அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் தங்கித் தொண்டாற்றிய ஊர் புன்னைக்காயல். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் உள்ளது அச்சிற்றூர். 1586இல் அவர் வெளியிட்ட 'அடியார் வரலாறு' முத்துக்குளித்துறைக் கரையில் அச்சானது. ஆகவே தமிழ் அச்சுக் கலையின் விடியலில் நம் ஆற்றங்கரைக்கும் பங்கு உண்டு.

அச்சு நூல் கண்ணுக்குப் புதிய பழக்கத்தைத் தந்தது. ஏடு ஒருவர் ஓதப் பலர் கேட்பதற்கு உரியதாக இருந்தது. நூலோ ஒவ்வொருவரும் தனித்தனியே, மௌனமாக, மணிக்கணக்கில் படிப்பதற்கு உரியதாயிற்று. நூல் மலிய மலியக் கண்ணாடியின் தேவையும் பெருகியது. தொலைவில் உள்ளவை மங்கித் தோன்றும் கிட்டப்பார்வைக்குரிய குழிவில்லையும் ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இவ்விரு வில்லைகளும் ஏன் பயன் தருகின்றன என்பதை வானநூல் வல்லுநர் கெப்லர் 1604இல் விளக்கினார். விழித்திரையின்மேல் உருவம் விழ வேண்டும். கிட்டப்பார்வை உடையவனுக்கு அது திரைக்கு முன்னரே விழுந்துவிடுகிறது. குழிவில்லை அதனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. நோக்குங்கள்! கைவினைஞர் முந்நூறு ஆண்டுகள் செய்து பயன்படுத்திய பின்னரே அறிஞர் அதன் காரணத்தைக் கண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணாடி கடைச்சரக்கு என்ற நிலை மாறி மருத்துவ அளவையாக உயர்ந்தது. 1819இல் சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. எழும்பூரில் இன்றும் நடைபெறும் அது உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. 1825இல் வானநூலறிஞர் ஏரி தம் இடக்கண்ணில் இருந்த சிதறல் பார்வைக்குத் தாமே கணக்கிட்டு உருளை வடிவ வில்லை செய்வித்துக்கொண்டார். 1862இல் ஸ்னெல்லன் என்பவர் படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் எழுத்துப் பலகையை அமைத்தார். மருத்துவர் அறையில் நீங்கள் காணும் பலகை அதுவே. 1872இல் வில்லையின் வலுவை அளக்க 'டயாப்டர்' என்ற அளவு வகுக்கப்பட்டது. ஒரு மீட்டரை எத்தனையால் வகுத்தால் பொருளின் தொலைவு வருமோ அத்தனை டயாப்டர் தேவை. 40 சென்டிமீட்டரில் உள்ள நூலுக்கு இரண்டரை; 33 சென்டிமீட்டருக்கு மூன்று; 20 சென்டிமீட்டருக்கு ஐந்து. இச்சிறு கணக்கை மறவாதீர்கள். பின்னர் நமக்கு உதவும்.

இதற்கிடையே வேறொரு தொல்லையும் தோன்றியிருந்தது. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிந்தவருக்கும் நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். தொலைவுக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று என இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிவது தொல்லையன்றோ? அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இரண்டு வில்லைகளையும் பாதியாக வெட்டி, மேலே தொலைவுக்கும் கீழே அண்மைக்குமாக ஒரே சட்டத்தில் பொருத்திக்கொண்டார். 1785இல் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், விருந்தில் தட்டிலுள்ள உணவையும் எதிரே பேசுவோர் முகத்தையும் ஒருங்கே காண முடிவதாக அவர் மகிழ்ந்து குறிப்பிடுகிறார். இதுவே கண்ணாடிக் கடைகளில் நாம் 'பைபோகல்' என்று கேட்டு வாங்குவது.

நானும் பல ஆண்டுகள் இவ்வகைக் கண்ணாடி அணிந்தவன். அதன் நன்மையும் குறையும் நான் நன்கறிந்தவை. வினாத்தாள் திருத்துகையில் அது உயிர்த்தோழன். குறுக்குத்துறைப் படித்துறையில் ஆற்றுக்கு இறங்குகையிலோ அது பகைவன். காலடியிலுள்ள படி ஒன்றரை மீட்டர் தொலைவில் இருக்கிறது. அதனைக் காணக் கண் கீழே நோக்குகிறது. கீழே இருப்பதோ நூலுக்குரிய வில்லை. படி மங்கி உயர்ந்து தோன்றும். ஆதலின் தலையை நன்றாகக் குனிந்து மேற்பாதி வழியே படியைப் பார்த்து இறங்குவேன். இத்தகைய கண்ணாடி அணியும் முதியோர் படிகளில் தடுக்கி விழுவது மிகுதி என ஆராய்ச்சிகளும் கூறுகின்றன. உங்கள் வீட்டுத் தாத்தா படி இறங்கும்போது கை கொடுங்கள். காரணம் அவருடைய முழங்கால் மட்டுமன்று.

இரண்டு வில்லைக்கும் இடையே உள்ள கோட்டை நீக்கி, மேலிருந்து கீழே வலு படிப்படியாக வளருமாறு செய்ய முடியுமா என்று பலர் முயன்றனர். 1907இல் இங்கிலாந்தின் ஓவன் ஏவ்ஸ் அதற்கு உரிமம் பெற்றார். ஆயினும் அது வணிகப் பொருளாகவில்லை. 1959இல் பிரெஞ்சுப் பொறியாளர் பெர்னார் மேத்தனா உருவாக்கிய வில்லையே முதன்முதல் மக்கள் கைக்கு வந்து நிலைத்தது. இன்று 'புரோகிரசிவ்' என்று வழங்குவது இதன் வழித்தோன்றலே.

இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை. 1963இல் செருமானியக் கணித அறிஞர் மிங்க்விட்ஸ் ஓர் உண்மையை நிறுவினார். வில்லையின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழாக வலு எவ்வளவு விரைவாக வளர்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு விரைவில் பக்கவாட்டில் மங்கல் வளரும் என்பது அவர் கண்ட விதி. ஆதலின் இவ்வகைக் கண்ணாடியில் தெளிவாகக் காண்பதற்கு உரிய வழி, இரு கரைகளுக்கிடையே ஓடும் ஒடுங்கிய வாய்க்கால் போன்றது. வாய்க்காலைக் குறுக்கி வலுவை விரைந்து ஏற்றினால் கரைகள் மேலும் நெருங்கும். அழகுக்காக மிகச் சிறிய சட்டத்தைத் தேர்ந்தெடுப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். கணிப்பொறியால் வில்லையைப் புள்ளி புள்ளியாகக் கடையும் முறை வந்தபின், மங்கலை எங்கே ஒதுக்குவது என்பதைத் திறம்பட வகுக்கிறார்கள். ஆயினும் அதனை அடியோடு ஒழித்தவர் எவரும் இலர்.

இப்போது கைப்பேசி நம் கைக்கு வருகிறது. நூலுக்கும் கைப்பேசிக்கும் கண்ணளவில் என்ன வேறுபாடு? முதலாவது தொலைவு. 2011இல் நியூயார்க் அரசுப் பல்கலைக்கழகத்தின் கண்ணியல் கல்லூரியினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கைப்பேசியில் செய்தி படிப்போர் அதனைச் சராசரியாக 36 சென்டிமீட்டரிலும், இணையப் பக்கம் படிப்போர் 32 சென்டிமீட்டரிலும் வைத்திருந்தனர். நூலுக்கு வழக்கமாகக் கொள்ளும் 40 சென்டிமீட்டரைவிட இது குறைவு. முன்னர்க் கூறிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். 40 சென்டிமீட்டருக்கு இரண்டரை டயாப்டர் போதும். 32 சென்டிமீட்டருக்கு மூன்றுக்கு மேல் வேண்டும். நாற்பது வயதில் நம் விழிவில்லைக்கு உள்ள மொத்த ஆற்றலே நாலரை. மூன்று பங்கு உள்ள செல்வத்தில் இரண்டு பங்கை இடைவிடாது செலவழிப்பவன் களைத்துப் போவானா, மாட்டானா? மாலையில் நெற்றி வலிப்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது வேறுபாடு, பிடிக்கும் முறை. நூல் மேசைமேலோ மடிமேலோ கிடக்கும். கண் தாழ்ந்து நோக்கும். வில்லையின் கீழ்ப்பகுதி அதற்குப் பொருந்தும். கைப்பேசியையோ பேருந்தில் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறோம். படுக்கையில் மல்லாந்து தலைக்குமேல் பிடிக்கிறோம். அப்போது கண் நோக்குவது வில்லையின் மேற்பகுதி வழியே. அது தொலைவுக்கு உரியது. எழுத்து மங்கவே முதியவர் தாடையை உயர்த்திக் கழுத்தைப் பின்னே சாய்க்கிறார். கழுத்து வலிக்கிறது. அவர் கழுத்துக்குத் தைலம் தடவுகிறார்!

மூன்றாவது, இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும் அளவு. பொருள் அண்மையில் வர வர இரு கண்களின் பார்வைக் கோடுகளும் மூக்கை நோக்கி நெருங்கும். ஆதலின் படிப்புக்குரிய பகுதியை வில்லையின் நடுவில் வையாமல் சற்று மூக்குப் பக்கமாக ஒதுக்கியே அமைக்கிறார்கள். 40 சென்டிமீட்டருக்கு என்று ஒதுக்கிய பகுதி 25 சென்டிமீட்டருக்குப் பொருந்தாது. கண்ணின் கோடு வாய்க்காலை விட்டுக் கரையேறிவிடும். இவற்றையெல்லாம் கருதியே இப்போது கைப்பேசிக்கென்று படிப்புப் பகுதியின் வலுவையும் இடத்தையும் மாற்றி அமைத்த வில்லைகள் வருகின்றன. இளைஞர்களின் களைப்பைக் குறைக்கக் கீழ்ப்பகுதியில் அரை டயாப்டர் அளவு வலு கூட்டிய வில்லைகளும் உள்ளன. நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு என்று விளம்பரப்படுத்துவதைப் பற்றியும் ஒரு சொல். 2023இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பல ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்து, அப்பூச்சினால் கண் களைப்புக் குறைவதாகத் தெரியவில்லை என்று கூறிவிட்டது. திரையை உற்று நோக்கும்போது நாம் இமைப்பதே குறைந்துபோகிறது, கண் உலர்கிறது. அதற்கு விலையுயர்ந்த பூச்சு எதற்கு? இமைப்பது போதுமே!

இதுவரை முதியோரைப் பற்றிப் பேசினேன். இனி உங்களைப் பற்றி. பத்து வயதுச் சிறுவனுக்கு விழிவில்லையின் ஆற்றல் 14 டயாப்டர் உண்டு என்று டாண்டர்ஸ் கணக்கிட்டார். அவன் கைப்பேசியை 20 சென்டிமீட்டரில் பிடித்தால் ஐந்துதான் செலவாகிறது. களைப்புத் தெரியாது. தெரியாததே கேடு. முதியவரைக் கண் எச்சரிக்கிறது, சிறுவனை எச்சரிப்பதில்லை. வளரும் பருவத்தில் இடைவிடாத அண்மைப் பார்வையும், பகல் வெளிச்சத்தில் உலவாமையும் சேர்ந்து விழி நீண்டு வளரத் துணைபுரிகின்றன, கிட்டப்பார்வை உண்டாகிறது. 2050ஆம் ஆண்டுக்குள் உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கக்கூடும் என்று 2016இல் அறிஞர் மதிப்பிட்டனர்.

கிட்டப்பார்வை ஒரு மாணவனை என்ன செய்யும் என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். தமிழக அரசு 2009இல் பள்ளி மாணவர்க்காகக் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பின்னர் ஒருநாள், சேரன்மகாதேவிப் பக்கத்தில் நான் பணியாற்றிய பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். கரும்பலகையிலுள்ள 3ஐ 8 என்று எழுதுவான், கணக்கு தப்பும், மந்தமானவன் என்ற பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. பரிசோதனையில் அவனுக்கு மூன்றரை டயாப்டர் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்து, "சின்ன வயசுலேயே கண்ணாடி போட்டா கண்ணு அதுக்கே பழகிப் போயிருமே ஐயா!" என்று கலங்கினார். கண்ணாடியால் கண் கெடுவதில்லை, அணியாமையால் படிப்புக் கெடும் என்று எடுத்துச் சொன்ன பின்னர் இசைந்தார். கண்ணாடி வந்த அன்று அச்சிறுவன் கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டே நின்றவன், "சார், மலையில மடிப்பு மடிப்பா இருக்கு" என்றான். பிறந்தது முதல் அவன் பொதிகை மலையை ஒரு நீலத்திரையாகவே கண்டு வந்திருக்கிறான்! அவ்வாண்டு முடிவில் கணக்கில் அவன் நல்ல தேர்ச்சி பெற்றான். அவனைச் 'சோடாபுட்டி' என்று கேலி செய்த நண்பர்களும் பின்னர் அவனிடமே கணக்குக் கேட்கலாயினர்.

இக்குறையைத் தடுக்க வழி உண்டா? உண்டு. சீனத்தின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புச் சிறுவர்க்கு நாள்தோறும் 40 நிமிடம் வெளியில் உலவ வகுப்பு ஒதுக்கினர். மூன்றாண்டுக்குப் பின், அவ்வாறு உலவியோரில் 30.4 விழுக்காட்டினருக்கும், உலவாதோரில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை தோன்றியது. 2015இல் வெளிவந்த செய்தி இது. வந்துவிட்ட கிட்டப்பார்வை மேலும் ஏறாமல் காக்கும் வில்லைகளும் தோன்றியுள்ளன. நடுவே வழக்கமான குழிவில்லையும் சுற்றிலும் நூற்றுக்கணக்கான நுண்ணிய குவிவில்லைகளும் கொண்ட ஒரு கண்ணாடியை ஆங்காங்கில் சிறுவர்க்கு அணிவித்துப் பார்த்தனர். ஈராண்டில் கிட்டப்பார்வை ஏறும் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2020இல் அம்முடிவு வெளியாயிற்று. வில்லைக்கு விலை உண்டு. வெளிச்சத்துக்கு விலை இல்லை. திருநெல்வேலியில் வெயிலுக்குப் பஞ்சமும் இல்லை!

நம் மண்ணின் மைந்தர் ஒருவரை ஈண்டு நினைவுகூர வேண்டும். அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்தில் எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் கைவிரல்கள் திருகிப்போன பின்னரும் அறுவைக் கருவிகளைப் பிடிக்கப் பழகிப் பல்லாயிரவர்க்குப் பார்வை தந்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988இல் திருநெல்வேலியிலும் அதன் கிளை அமைந்தது. 1992இல் விழிக்குள் பொருத்தும் வில்லையை நம் நாட்டிலேயே செய்து, ஏழைக்கும் எட்டும் விலையில் தரும் தொழிற்கூடமும் உருவாயிற்று. ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அவர் வாழ்வு எனக்கு ஊக்கமூட்டுகிறது.

கண்ணாடி படித்தவர்க்கே உரியது என்று எண்ணுவோர் உளர். பத்தமடைக்குச் சென்று பாருங்கள். ஆற்றங்கரைக் கோரையை நீரில் ஊறவைத்து, நூலிழைபோல் கிழித்துப் பாய் நெய்கிறார்கள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். இவர்களுக்கு நாற்பது வயதில் வெள்ளெழுத்து வந்தால் கூலி குறைகிறது. குறையைக் கைமேல் ஏற்றுகிறார்கள், கண்மேல் ஏற்றுவதில்லை. அசாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயது கடந்த தொழிலாளர் 751 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அண்மைப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்களின் பறிப்பு, பெறாதவர்களைவிட 21.7 விழுக்காடு மிகுந்தது என 2018இல் அறிவித்தனர். எளிய கண்ணாடி ஒன்று ஒரு குடும்பத்தின் அடுப்பையே மாற்றக்கூடும்!

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நீங்கள் கைக்கொள்ளக் கூடியவை சில. கைப்பேசியை, முழங்கைக்கும் மடக்கிய கைவிரல் மொழிக்கும் இடைப்பட்ட அளவுக்குக் குறையாமல் தள்ளிப் பிடியுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை 20 நொடி நோக்குங்கள். கரும்பலகை மங்கினால் மறைக்காமல் ஆசிரியரிடம் கூறுங்கள். உங்கள் தந்தையோ தாயோ ஊசியில் நூல் கோக்கக் கையை நீட்டி நீட்டிப் பார்ப்பதைக் கண்டால், அவர்களைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அங்கே செல்லும்போது ஒன்றை மறவாதீர்கள். அவர்கள் அன்றாடம் கையில் ஏந்துவது எதுவோ, அதனையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியாயினும், கோரைத் தாளாயினும், பீடி சுற்றும் முறமாயினும் சரி. வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் பிடிக்கச் சொல்லி, கண்ணிலிருந்து அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவுக்கு அமைத்த கண்ணாடியே அவர்களுக்கு உரிய கண்ணாடி.